காலர் இல்லாத உடலில் காலர் மைக்

சட்டையின் விளிம்பில் கவ்விக்கொள்ளும் சிறிய கம்பியில்லா ஒலிவாங்கியைத் தமிழ்நாட்டில் காலர் மைக் என்றே அழைக்கின்றனர். அணிபவருக்குச் சட்டை இருக்கும், சட்டைக்குக் காலர் இருக்கும், இடுப்பில் அதன் சிறு பெட்டியை மாட்ட ஒரு வாரும் அதை மூட ஒரு மேலங்கியும் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நியூயார்க்கின் பிராட்வேயிலும் லண்டனின் வெஸ்ட் எண்டிலும் நடைபெறும் இசை நாடகங்களில் இந்த எதிர்பார்ப்பு பல வேளைகளில் பொய்த்துவிடுகிறது. இடுப்பில் ஒரு துண்டுத் தோலாடை மட்டும் அணிந்த காட்டு மனிதனாகவோ, உடலோடு ஒட்டிய மெல்லிய உடையில் சுழன்றாடும் கேளிக்கை விடுதிப் பெண்ணாகவோ, சில காட்சிகளில் ஆடையே இல்லாமலோ மேடையேறும் நடிகர், ஆயிரம் பேருக்கு மேல் அமர்ந்திருக்கும் அரங்கின் கடைசி வரிசைக்கும் தம் பாடலின் ஒவ்வொரு சொல்லையும் கொண்டுசேர்க்க வேண்டியிருக்கிறது. அதற்கான கருவியோ எவர் கண்ணிலும் படக் கூடாது.

கருவியின் உறுப்புகள் நான்கு. குரலைப் பிடிக்கும் மைக் முனை, அதிலிருந்து கிளம்பும் நூல் போன்ற கம்பி, குரலை வானொலி அலையாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் என்னும் பெட்டி, அந்தப் பெட்டியிலிருந்து நீளும் ஆண்டெனா ஆகியவையே அவை. இவற்றுள் மைக் முனையை மறைப்பது இன்று ஏறக்குறைய தீர்ந்துவிட்ட சிக்கல் எனலாம். சென்ஹைசர் நிறுவனத்தின் எம்.கே.இ. 1 என்ற மைக்கின் குறுக்களவு 3.3 மில்லிமீட்டர், டென்மார்க்கின் டி.பி.ஏ. நிறுவனம் பின்னர் வெளியிட்ட 6060 என்ற மைக்கின் அளவு 3 மில்லிமீட்டர். இரண்டுமே ஒரு மிளகைவிடச் சிறியவை. இந்த அளவுக்குச் சுருங்க வழிவகுத்தது, 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவரும் உருவாக்கிய எலக்ட்ரெட் மைக் ஆகும். அதற்கு முந்தைய கண்டென்சர் மைக்குகளில் மெல்லிய சவ்வுக்கு வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மின்னூட்டத்தைத் தன்னுள்ளேயே நெடுங்காலம் தேக்கிவைத்துக்கொள்ளும் பொருளை அவர்கள் பயன்படுத்தியதால் அந்தத் தேவை நீங்கியது. ஆனால் பெட்டி அவ்வாறு சுருங்கவில்லை. அதற்குள் மின்கலம் இருந்தாக வேண்டும், அந்த மின்கலம் ஒரு நாடகம் முடியும்வரை தாங்கியாக வேண்டும். மிகச் சிறியனவாகத் தயாராகும் பெட்டிகள்கூட உள்ளங்கையில் கனமாகத் தெரியும் பொருள்களே. ஆகவே, ஆடை குறைந்த உடலில் மைக்கை மறைப்பது என்று பேசும்போது, உண்மையில் மறைக்க வேண்டியிருப்பது பெட்டியும் கம்பியும்தான்.

இந்தக் கலையின் தொடக்கம் துணியில்தான் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 1949ஆம் ஆண்டு பனித்தரையில் சறுக்கியாடி நிகழ்த்தப்பட்ட அலாவுதீன் நாடகத்திற்காக ரெக் மூர்ஸ் என்ற பொறியாளர் ஒரு வானொலி மைக்கை உருவாக்கி, மந்திரவாதி அபனசார் வேடமிட்டவரின் உடைக்குள் அதை ஒளித்துவைத்தார். 1964இல் வெளிவந்த மை ஃபேர் லேடி திரைப்படத்தில், முன்பே பதிவு செய்த பாடலுக்கு வாயசைக்க மறுத்த ரெக்ஸ் ஹாரிசனுக்காக அவருடைய கழுத்துப்பட்டைக்குள் கம்பியில்லா மைக் மறைக்கப்பட்டது. மந்திரவாதியின் அங்கியும் கனவானின் கழுத்துப்பட்டையும் ஒலிப் பொறியாளருக்குக் கிடைத்த வசதியான மறைவிடங்கள். துணி மிகுந்த வேடம் அமைந்த இடத்தில் பொறியாளரின் வேலை பாதி முடிந்துவிட்டது.

அந்த வசதியைப் பறித்தது 1968ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஏப்ரல் 29 அன்று பிராட்வேயில் அரங்கேறிய ஹேர் என்ற இசை நாடகம், முதல் பகுதியின் முடிவில் நடிகர்கள் ஆடையின்றி நிற்கும் காட்சியைக் கொண்டிருந்தது. லண்டனில் அதே நாடகம் செப்டம்பர் 27 அன்று தொடங்கியது. நாடகப் பிரதிகளை முன்கூட்டியே தணிக்கை செய்ய அரண்மனை அதிகாரி ஒருவருக்கு இருந்த நூற்றாண்டுகள் பழமையான அதிகாரத்தை நீக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்த மறுநாள் அது. இந்நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்த ஆடையற்ற காட்சியோடு நின்றுவிடுகின்றனர். ஒலியின் வரலாற்றில் அது மேடைக்குக் கொண்டுவந்த ராக் இசையும் அதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. மின்கிதாரும் டிரம்ஸும் முழங்கும்போது, பயிற்சி பெற்ற தொண்டையும் மைக் இல்லாமல் எடுபடாது. மைக் கட்டாயத் தேவையாக மாறிய அதே தலைமுறையில், அதை ஒளித்துவைக்கும் துணி மேடையிலிருந்து விலகத் தொடங்கியது. இன்றுவரை ஒலிக் கலைஞர்கள் தீர்த்துக்கொண்டிருக்கும் முடிச்சு அங்கேதான் விழுந்தது.

மறைக்காமல் விடுவது அந்த முடிச்சுக்குக் கிடைத்த முதல் விடை. 1971இல் பிராட்வேக்கு வந்த ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார் நாடகத்தில் நடிகர்கள் கையில் பிடித்த மைக்கிலேயே பாடினர். 1979இல் தம் இசைச் சுற்றுப்பயணத்தில் பாடிக்கொண்டே முழு உடலோடு ஆட விரும்பிய இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ்ஷுக்காக, ஒலிப் பொறியாளர் மார்ட்டின் ஃபிஷர் துணி மாட்டும் கம்பியை வளைத்துத் தலையில் அணியும் மைக் ஒன்றைச் செய்துகொடுத்தார். 1996இல் வெளியான ரென்ட் நாடகமும் கன்னத்தருகே நீளும் மைக்கை வெளிப்படையாகவே காட்டியது. அன்றைய நியூயார்க் இளைஞர்களின் கதைக்கு அது பொருந்தும். ஆப்பிரிக்கக் காட்டில் குரங்குகளிடையே வளர்ந்த ஒருவனின் கன்னத்தில் அதே மைக் தெரிந்தால், அவன் கொடியில் தொங்கிவரும் அந்தக் கணத்திலேயே கதை உடைந்துவிடும். டிஸ்னி நிறுவனம் 2006இல் பிராட்வேயில் அரங்கேற்றிய டார்சான் இத்தகைய வேடத்திற்குச் சரியான எடுத்துக்காட்டு. அரைத்துணி அணிந்து அந்தரத்தில் பறந்தபடி பாட வேண்டிய நாயகனின் மார்பும் முதுகும் தொடையும் பார்வையாளருக்குத் திறந்தே கிடக்கின்றன.

இத்தகைய வேடங்களில் மைக் முனை பெரும்பாலும் நெற்றியில், முடி தொடங்கும் கோட்டின் நடுவில் அமர்கிறது. மறைவு மட்டும் கருதி அந்த இடம் தேர்ந்தெடுக்கப்படவில்லை. தமிழ் இலக்கணம் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்திருப்பதை நினைவில் கொண்டால் காரணம் எளிதில் விளங்கும். பாட்டின் வலிமையும் நீட்டமும் பெரும்பகுதி உயிரொலிகளில் உள்ளன. சொல் இன்னதென்று பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் தெளிவோ, ஏறத்தாழ 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான மெல்லிய உயரதிர்வுகளையே பெரிதும் நம்பியிருக்கிறது. வாயிலிருந்து முன்னோக்கிப் பாயும் இந்த உயரதிர்வுகள் தாடைக்குக் கீழே வளைந்து இறங்குவதில்லை. ஆதலால் மார்பில் பொருத்திய மைக்கில் குரல் கனத்துக் கேட்கும், சொற்கள் மழுங்கும். நெற்றியில் தாடையின் நிழல் விழுவதில்லை. தலை எப்பக்கம் திரும்பினாலும் மைக்கும் வாயோடு சேர்ந்தே திரும்புவதால் இடைவெளி மாறுவதும் இல்லை. அந்த இடைவெளி மாறாதிருப்பது பெரிய நன்மை. மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தொலைவு இரட்டித்தால் ஒலியழுத்தம் பாதியாகக் குறையும், அதை ஈடுகட்ட ஒலிபெருக்கத்தைக் கூட்டினால் ஒலிபெருக்கியின் ஒலியை மைக் மறுபடியும் வாங்கி ஊளையிடத் தொடங்கும்.

ஆடை குறைவதால் ஒலிக்கு ஒரு நன்மையும் விளைகிறது. துணிக்கடியில் புதைத்த மைக், பட்டும் பருத்தியும் உரசும் சரசரப்பை எல்லாம் பெரிதாக்கிக் கொடுக்கும். வெற்று நெற்றியில் இருக்கும் மைக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. முன்தலையில் முடியில்லாதவர்களுக்கும் தலை மழித்த வேடங்களுக்கும் காதுமடலைச் சுற்றி வளைத்த கம்பியில் மைக்கைப் பொருத்தி, அது கன்னத்தின் தொடக்கத்தில் ஒட்டி நிற்கும்படி செய்கின்றனர்.

பெட்டிக்கான இடத்தை வேடமும் நடன அசைவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இடுப்புக்குப் பின்புறம் வழக்கமான இடம். ஆனால் தரையில் புரளும் நடனம் இருந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே கெட்டியான பெட்டி ஒன்று இருப்பது காயத்தை வரவழைக்கும். பாவாடை இருந்தால் தொடையில் மீள்பட்டை கட்டலாம். மார்க்கச்சை இருந்தால் அதன் பின்பட்டைக்குள் சிறு பையைத் தைக்கலாம். இவை எதுவும் இயலாத உடலுக்கு எஞ்சுவது தலை ஒன்றே. நடிகரின் சொந்த முடியைச் சிறு சுருள்களாகச் சுற்றித் தலையோடு தட்டையாகப் பின் குத்தி, அதன்மேல் மெல்லிய வலைத்தொப்பி அணிவித்து, உச்சியிலோ பிடரிக்குச் சற்று மேலோ பெட்டியைச் சிறு பையில் வைத்துத் தைத்து, அதன்மேல் பொய்முடியைப் பொருத்துகின்றனர். கம்பி கழுத்தைத் தாண்டிக் கீழே இறங்குவதே இல்லை. ஆகவே முதுகு முழுவதும் திறந்திருந்தாலும் காட்டிக்கொடுக்க அங்கே எதுவும் இருப்பதில்லை. ஆடையற்ற காட்சிகளில் கைகொடுப்பதும் இம்முறையே. இதற்காகத்தான் ஒலிக் கலைஞர்கள் ஆடை வடிவமைப்பாளரைவிடப் பொய்முடிக் கலைஞரிடம் அதிக நேரம் செலவிட நேர்கிறது. முடியின் அடர்த்தி, பின்னல் எழும் உயரம், அது எந்தத் திசையில் சரியும் என்பன எல்லாம் வேடத்திற்கான முதல் வரைபடத்திலேயே பேசி முடிக்கப்படாவிட்டால், ஒத்திகையின் கடைசி வாரத்தில் எவர் முயன்றாலும் தலையில் இடம் பிறக்காது.

வானொலி அலையின் பார்வையிலும் தலை நல்ல இடமே. பெரும்பாலும் நீரால் ஆன மனித உடல், இந்த மைக்குகள் பயன்படுத்தும் அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். 500 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 60 செண்டிமீட்டர். அதில் கால்பங்கான 15 செண்டிமீட்டர் நீள ஆண்டெனாவே அதற்கு இயல்பாகப் பொருந்துவது. அந்த ஆண்டெனா ஈரத்தோலில் ஒட்டிக் கிடந்தாலோ சுருட்டி மடக்கப்பட்டாலோ அலை வலுவிழந்து, பாடலின் நடுவே குரல் அறுபடும். உடலின் உச்சியில், தோலிலிருந்து விலகி, முடிக்குள் நீண்டு கிடக்கும் ஆண்டெனா இந்த இடரிலிருந்து பெரிதும் தப்புகிறது. எனினும் அதற்கான விலையை நடிகரின் கழுத்து கொடுக்கிறது. வேகமாகச் சுழலும்போது தலையின் கனம் கூடிவிட்டதை உடல் உணரும். கூட்டிச் சேர்த்த பின்கள் உச்சந்தலையில் அழுந்தும். பொய்முடிக்குள் புதைந்த பெட்டியைக் காட்சிகளுக்கு நடுவே எடுத்து மின்கலம் மாற்றவும் இயலாது.

வியர்வையே இத்தொழிலின் நிரந்தரப் பகை. மேடை விளக்குகளின் வெப்பத்தில் ஆடும் உடலில் வியர்வையை உறிஞ்சத் துணி இல்லாதபோது, அது தடையின்றி வழிந்து கம்பியைப் பற்றிக்கொண்டே ஓடும். நெற்றியிலிருந்து ஒரு துளி மைக் முனையின் நுண்துளையை அடைத்துவிட்டால், நாயகியின் குரல் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். இதைத் தடுக்க, மைக் முனைக்குச் சற்று முன்பாகக் கம்பியில் சிறு வளைவு வைத்தோ பஞ்சிழை சுற்றியோ துளி அங்கேயே சொட்டிவிடும்படி செய்கின்றனர். பெட்டியை நனையாமல் காக்க மேலைநாட்டு நாடக அரங்குகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் பொருள், மசகு தடவாத ஆணுறை. மெல்லியது, நீளும் தன்மையுடையது, நீர் புகாதது, வானொலி அலையைத் தடுக்காதது, எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பது என்ற ஐந்து தகுதிகளும் ஒன்றாக அமைந்த வேறு உறை எளிதில் அகப்படவில்லை. ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் 2002 ஜூன் மாதம் லண்டனின் அப்போலோ விக்டோரியா அரங்கில் தொடங்கிய பாம்பே ட்ரீம்ஸ் இசை நாடகத்தில், முதல்வன் படத்தின் வழியே தமிழர்கள் முன்பே அறிந்திருந்த ஷக்கலக்க பேபி பாடலுக்கு மேடையில் நீரூற்றுகள் பொங்க, நடனக் கலைஞர்கள் நனைந்தபடி ஆடினர். உடலோடு ஒட்டிக்கொள்ளும் நனைந்த ஆடை தன்னடியில் உள்ள எல்லாவற்றின் வடிவத்தையும் வெளிக்காட்டிவிடும் என்பதால், ஒலிக் கலைஞருக்கு ஈர உடை ஏறக்குறைய ஆடையின்மைக்குச் சமம். தமிழ்த் திரைப்படங்களின் மழைப் பாடல்களுக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. அங்கே குரல் முன்னமேயே ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகிவிடுகிறது, நனையும் உடல் வாயை மட்டும் அசைக்கிறது.

கம்பியைத் தோலோடு ஒட்டும் வேலைக்கு மருத்துவமனைகளில் பயன்படும் ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவே ஏற்றது. தோலை ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைத்து எண்ணெய்ப்பசை நீக்கிய பிறகு, ஒப்பனைக்கு முன்பாகவே அதை ஒட்டிவிட வேண்டும். தலையைத் திருப்பும்போது இழுபடாதிருக்கப் பிடரியில் கம்பி சற்றுத் தளர்ந்து நிற்க வேண்டும். பிராட்வேயில் வாரத்திற்கு எட்டுக் காட்சிகள் நடப்பது வழக்கம். அதே இடத்தில் எட்டு முறை ஒட்டி எட்டு முறை பிரித்தெடுத்தால் எந்தத் தோலும் சிவந்து புண்ணாகும். ஒட்டும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதும், ஒட்டுப்பசையை இளக்கும் திரவத்தைக் கொண்டு பொறுமையாகக் கழற்றுவதும் நல்ல கலைஞரின் அடையாளங்கள்.

நிறத்தைப் பற்றி இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. வெளிர்ந்த சந்தன நிறம் ஒன்றையே தோல் நிறம் என்று பெயரிட்டு விற்கும் வழக்கம் ஒட்டுநாடாக்கள், காலுறைகள், நடனக் காலணிகள் என அனைத்திலும் நெடுங்காலம் நிலவியது. லண்டனின் ஃப்ரீட் நிறுவனம் கறுப்பின நடனக் கலைஞர்களுக்கான பழுப்பு நிற பாலே காலணிகளை 2018இல்தான் வெளியிட்டது. மைக் கம்பிகள் இப்போது பழுப்பிலும் அடர் பழுப்பிலும் கறுப்பிலும் கிடைக்கின்றன. ஆனால் எந்த உற்பத்தியாளரின் நான்கைந்து நிறங்களும் மனிதத் தோலின் எல்லா வண்ணங்களையும் எட்டிவிடாது. ஆகவே ஒவ்வொரு நடிகரின் நெற்றிக்கும் கழுத்துக்கும் முடிக்கும் ஏற்பக் கம்பியைத் தனித்தனியே வண்ணம் தீட்டுவதே முறையானது. கருத்த கழுத்தில் வெளிர்ந்த கம்பி ஓடுவதைச் சிறு குறையாகத் தள்ளிவிடும் ஒலிக் குழு, அந்த நடிகரின் வேடத்திற்கு மற்றவர்களுக்கு அளித்த கவனத்தை அளிக்கவில்லை என்பதே பொருள்.

இவை அனைத்தையும் செய்து முடிப்பவர் பார்வையாளர் ஒருபோதும் காணாத ஒருவர். அரங்கின் நடுவே ஒலிக்கலவை மேசையில் அமர்ந்திருப்பவரை ஏ1 என்றும், மேடைக்குப் பின்னால் நடிகர்களுக்கு மைக் அணிவித்துக் காக்கும் உதவியாளரை ஏ2 என்றும் பிராட்வேயில் அழைக்கின்றனர். ஆடை மிகுந்த நடிகரிடம் இந்த உதவியாளர் துணியைத் தொட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம். ஆடை குறைந்த நடிகரிடம் அவர் தொடுவது உடலை. தொழிலின் உண்மையான நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது, பயிற்சிப் பாடங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே. நல்ல உதவியாளர் கையை நீட்டுவதற்கு முன்பே எந்த இடத்தில் எதற்காகத் தொடப்போகிறார் என்பதைச் சொல்லி ஒப்புதல் பெறுகிறார். தொடைப்பட்டையையும் மார்க்கச்சைப் பையையும் நடிகரே அணிந்துகொள்ளும்படி கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நடிகர் விரும்பினால் உடை அணிவிக்கும் உதவியாளரை உடன் வைத்துக்கொள்கிறார். அணிவிக்கும் இடத்தில் தேவையற்ற எவரையும் நிற்க விடுவதில்லை. மேடையில் உடலைக் காட்டச் சம்மதித்தவர் திரைக்குப் பின்னாலும் அதே சம்மதத்தோடு நிற்கிறார் என்று கருதுவது பெரும் பிழை. மேடையிலுள்ள வெற்றுடல் ஒரு வேடம். திரைக்குப் பின்னால் நிற்பவர் தம் வேலைக்கு வந்திருக்கும் மனிதர்.

இந்தப் பொறுப்பு காதுக்கும் உண்டு. மைக் அணிந்த நடிகர் மேடையை விட்டு இறங்கிய பின்னும் அது உயிரோடுதான் இருக்கிறது. அவர் ஒப்பனை அறையில் பேசுவதும், பக்கத்தில் நிற்பவரிடம் முணுமுணுப்பதும், கழிப்பறைக்குச் செல்வதும்கூட ஒலிக்கலவை மேசைவரை வந்து சேரும். கலவையாளர் அந்த நடிகரின் ஒலித்தடத்தை மூட மறந்தால் அரங்கமே அதைக் கேட்கும். மூடியிருந்தாலும், கருவி சரியாக இயங்குகிறதா என்று காதுப்பொறியில் சோதிப்பவருக்குக் கேட்கவே செய்யும். பொய்முடிக்குள் தைக்கப்பட்ட மைக்கைத் தாமே நிறுத்திவிட நடிகரால் இயலாது என்பதால், கேட்டதை வெளியே சொல்லாத ஒழுக்கம் ஒன்றே அவருக்குக் காப்பு.

மேடையில் இருவர் அணைத்துக்கொள்ளும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. நெற்றியோடு நெற்றி சேரும் இருவரின் மைக்குகளும் இருவரின் குரல்களையும் மிகச் சிறிய நேர வேறுபாட்டுடன் பிடிக்கின்றன. அந்த இரண்டு பிரதிகளும் கலக்கும்போது சில அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். ஆகவே கலவையாளர் வசனப் பிரதியைப் பார்த்தபடி, பேசுபவரின் தடத்தை மட்டும் வரிக்கு வரி உயர்த்தி மற்றதைத் தாழ்த்துகிறார். நெருக்கமான காதல் காட்சியில் ஒரே மைக்கை இருவருக்கும் பயன்படுத்துவதும் உண்டு. நடன வடிவமைப்பாளர் அணைப்பின் திசையை மாற்றினால், அதைக் கலவையாளருக்கும் தெரிவிக்க வேண்டும்.

காட்சி முடிந்ததும் ஏ2 மறுபடியும் ஒவ்வோர் ஒப்பனை அறையாகச் செல்கிறார். பொய்முடி கழற்றப்படுகிறது, ஒட்டுநாடா மெல்ல நனைத்துப் பிரிக்கப்படுகிறது, மைக் முனைகள் துடைக்கப்பட்டு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு சேமிப்புப் பெட்டியில் அடைக்கப்படுகின்றன. வியர்வை புகுந்ததாகச் சந்தேகப்படும் மைக்குக்குத் தனி அடையாளம் இடப்படுகிறது. மறுநாள் மாலை, முதல் மணி அடிப்பதற்கு முன்பாக, அதே கம்பி அதே நெற்றிக்காகப் புதிதாக வண்ணம் தீட்டப்பட்டுக் காத்திருக்கும்.